சாயமும் ஆறும்



இன்று நாம் துணியின் வரலாற்றைப் பற்றிப் பேசப்போகிறோம். துணியோடு சேர்த்து ஆற்றைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கொடியில் காயும் துணிகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். கட்டம் போட்ட கைலி ஒன்று இருக்கும். பூவும் இலையுமாகப் பாத்தேக் துணி ஒன்று இருக்கும். பிள்ளைகளின் பனியன் இருக்கும். இந்த மூன்றும் மூன்று இடங்களின் கதையைச் சொல்கின்றன. மூன்று கதைகளிலும் தண்ணீர் வருகிறது. துணியின் அழகை நாம் பார்க்கிறோம். அதை அழகாக்கிய தண்ணீர் பின்னர் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைத்தான் இன்று கேட்கப்போகிறோம்.

முதலில் கைலியை எடுத்துக்கொள்வோம். மலாய் அன்பர்கள் கட்டம் போட்ட கைலியைக் ‘காயின் பெலிக்காட்’ என்று அழைப்பதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். காயின் என்றால் துணி. பெலிக்காட் என்பது என்ன? அது ஓர் ஊரின் பெயர். சென்னைக்கு வடக்கே கடலோரத்தில், பெரியதோர் உப்பங்கழி ஏரியின் கரையில் இருக்கும் பழவேற்காடுதான் அந்த ஊர். ஐரோப்பியர் வாயில் அது ‘புலிக்காட்’ ஆயிற்று. இங்கே பெலிக்காட் ஆயிற்று. டச்சுக்காரர்கள் 1613ஆம் ஆண்டில் அங்கே கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த துணிகளை வாங்கி, கப்பலில் ஏற்றி, இந்தத் தீவுகளுக்குக் கொண்டுவந்து, அவற்றைக் கொடுத்து வாசனைப் பொருள்களை வாங்கினார்கள். அந்நாளில் இப்பகுதியில் துணிதான் பணம்போலப் பயன்பட்டது.

டச்சுக்காரர்களுக்கு முன்பே இந்த வாணிபம் நடந்தது. போர்த்துக்கீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள். அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் அங்கே தங்கியிருந்த தோமே பீரஸ் என்னும் போர்த்துக்கீசியர், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த வணிகர்களைப் பற்றியும் அவர்கள் கொண்டுவந்த துணிகளைப் பற்றியும் எழுதிவைத்திருக்கிறார். ஆகவே, நம் முன்னோர் பால் வெட்டவும் சடக்குப் போடவும் இந்நாட்டுக்கு வருவதற்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்னரே, நம்மவர் நெய்த துணி இங்கே வந்துவிட்டது. நம் மாநிலத்துக்கும் மலாக்காவுக்கும் எல்லையாக இருக்கும் லிங்கி ஆற்றின் முகத்துவாரத்தை அறிவீர்கள். சிரம்பானைச் சுற்றியிருந்த சுங்கை ஊஜோங் பகுதியின் ஈயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஆற்றின் வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. அந்த ஆற்றுக்குப் பிறகு வருவோம்.

சோழமண்டலத் துணிக்கு இவ்வளவு மதிப்பு எதனால் வந்தது? சாயத்தால் வந்தது. வெயிலிலும் வெளுப்பிலும் போகாத சிவப்பும் நீலமும் அந்தக் கரையின் செல்வம். சிவப்புக்குச் சாயவேர் என்னும் சிறு செடியின் வேர். கடலோர மணலில் விளையும் அந்த வேரைத் தோண்டி எடுப்பதற்கென்றே ஆள்கள் இருந்தார்கள். நீலத்துக்கு அவுரி இலை. துணியை முதலில் கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைப்பார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். பின்னர் சாயவேரோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு ஒட்டிக்கொள்ளும். நீலம் படக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் தோய்ப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் துணியை அலசவேண்டும். அலசுவதற்கு ஓடும் தண்ணீர் வேண்டும். அதனால்தான் சாயத் தொழில் ஆற்றங்கரையையும் வாய்க்கால் கரையையும் விட்டு விலகியதே இல்லை.

அந்தக் காலத்திலும் ஆற்றில் சாயம் ஓடியிருக்கும். இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆனால் ஓடியது வேரும் இலையும் பாலும் கடுக்காயும். நெசவும் சாயமும் கிராமம் கிராமமாகச் சிதறிக் கிடந்தன. ஒரே ஆற்றில் ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான சாயப் பட்டறைகள் கூடவில்லை. ஆறு தாங்கிக்கொண்டது. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் துணியைக் கண்டு ஐரோப்பா மயங்கிற்று. மயங்கியதோடு அஞ்சவும் செய்தது. தங்கள் நாட்டு நெசவாளர் பிழைப்புக் கெடுகிறதென்று பிரான்சு அரசாங்கம் 1686ஆம் ஆண்டில் இந்திய அச்சுத் துணியையும் அதைப் பார்த்துச் செய்யும் துணியையும் தடை செய்தது. தடை 1759இல் நீங்கியது. அடுத்த ஆண்டே, 1760இல், செருமானியராகிய ஓபர்காம்பு என்னும் இளைஞர் பாரிசுக்கு அருகே ழூயி என்ற சிற்றூரில் துணி அச்சிடும் ஆலை ஒன்றைத் தொடங்கினார். ஏன் அந்த ஊர்? அங்கே பியேவ்ர் என்னும் சிற்றாறு ஓடியது. தண்ணீர் தெளிவாக இருந்தது. துணி உலர்த்தப் பசும்புல் வெளியும் இருந்தது.

ழூயித் துணி உலகப் புகழ் பெற்றது. வெள்ளைத் துணியில் சிவப்போ நீலமோ ஒரே நிறத்தில் மரங்களும் ஆடுகளும் பாலங்களும் கிராமத்து மாந்தரும் நிறைந்திருக்கும். 1783ஆம் ஆண்டில் ழான் பத்தீஸ்து உவே என்னும் ஓவியர் அந்த ஆலைக்கு ஒரு படம் வரைந்து கொடுத்தார். அதன் பெயர் ‘ஆலையின் வேலைகள்’. துணியை ஆற்றில் அலசுவதும், புல்வெளியில் விரித்து வெளுப்பதும், அச்சிடுவதும் அந்தப் படத்தில் இருக்கின்றன. அதாவது, துணி தன்னைச் செய்த கதையைத் தானே சொல்கிறது. ஆனால் அந்தப் படத்தில் எல்லாம் அழகு. ஆறு பூந்தோட்டத்து ஓடைபோல இருக்கிறது. அலசிய துணியிலிருந்து கழன்று போனது என்ன, அது எந்த ஊருக்குப் போயிற்று என்று படம் சொல்லவில்லை.

அதே பியேவ்ர் ஆறு கீழே ஓடிப் பாரிசு நகருக்குள் நுழைகிறது. அங்கே பதினைந்தாம் நூற்றாண்டிலிருந்தே கோப்ளான் என்னும் குடும்பத்தார் அதன் கரையில் சாயத் தொழில் செய்தார்கள். அவர்கள் பெயரால்தான் பிற்காலத்தில் அரசரின் புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் அமைந்தது. சாயக்காரரோடு தோல் பதனிடுவோரும் கசாப்புக் கடைக்காரரும் வெளுப்புக்காரரும் அந்தக் கரையில் சேர்ந்தார்கள். ஆறு சாக்கடையாயிற்று. நாற்றம் தாங்காமல் நகரத்தார் அதைச் சிறிது சிறிதாக மூடினார்கள். 1912இல் பாரிசுக்குள் அந்த ஆறு முழுவதும் மண்ணுக்கடியில் போய்விட்டது. இன்று அதன்மேல் தெருக்களும் வீடுகளும் இருக்கின்றன. அண்மைக் காலத்தில் புறநகரில் சில இடங்களில் மட்டும் அதை மீண்டும் திறந்து ஓடவிட்டிருக்கிறார்கள்.

நேயர்களே, கோப்ளான் திரைச்சீலைகளையும் ழூயித் துணிகளையும் இன்று பெரிய கண்காட்சிச் சாலைகளில் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். அவற்றில் உள்ள மலையும் சோலையும் இன்றும் இருக்கின்றன. அவற்றை அலசிய ஆற்றைத்தான் காணவில்லை.

இனி, சாயத்தின் வரலாற்றில் பெரும் திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. அதற்கும் தோட்டத்து மக்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய தோட்டங்களில் மலேரியாக் காய்ச்சல் எத்தனை பேரைக் கொண்டுபோயிற்று என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதற்கு மருந்து கொயினா. 1856ஆம் ஆண்டில் இலண்டனில் வில்லியம் பெர்க்கின் என்னும் பதினெட்டு வயது மாணவர், கொயினாவைச் செயற்கையாகச் செய்ய முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் பொருளை வைத்து ஆராய்ந்தபோது, கொயினா வரவில்லை. ஊதா நிறச் சாயம் ஒன்று வந்தது. அதுவே செயற்கைச் சாயத்தின் தொடக்கம். 1868இல் செருமானிய அறிஞர்கள் வேரிலிருந்து எடுத்துவந்த சிவப்பை ஆய்வுக்கூடத்தில் செய்தார்கள். 1897இல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதோடு சாயவேர் தோண்டியவருக்கும் அவுரி பயிரிட்டவருக்கும் தொழில் போயிற்று. சாயம் மலிந்தது, ஏழைக்கும் வண்ணத் துணி கிடைத்தது. அது நன்மைதான். ஆனால் வேரும் இலையும் போன வழியில் தாரும் அமிலமும் உப்பும் ஆற்றுக்கு வரத் தொடங்கின.

இதன் முழுப் பொருளையும் நம் தாய்த் தமிழகத்திலேயே காணலாம். பிள்ளைகளின் பனியனை எடுத்து அதன் கழுத்துச் சீட்டைப் பார்த்தால், அது திருப்பூரிலிருந்து வந்ததாக இருக்கலாம். அந்த ஊர் நொய்யல் ஆற்றின் கரையில் உள்ளது. நொய்யல், கோயம்புத்தூருக்கு மேற்கே வெள்ளியங்கிரி மலையில் பிறக்கிறது. அதன் பழம்பெயர் காஞ்சிமாநதி. அருவியும் காடும் சூழ்ந்த அதன் தலைப்பகுதியைப் பார்க்க இன்றும் மக்கள் போகிறார்கள். புகழ்பெற்ற பேரூர்க் கோயில் அதன் கரையில் இருக்கிறது. முற்காலத்தில் அந்த ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஏரிகளும் குளங்களும் நிரப்பி, வறண்ட கொங்கு நாட்டில் வேளாண்மை செய்தார்கள்.

1980களிலிருந்து திருப்பூரின் பின்னலாடை வெளிநாடுகளுக்கு மிகுதியாகப் போகத் தொடங்கியது. உள்ளூருக்கு வெள்ளைப் பனியன் போதும்; வெளிநாட்டாருக்கு வண்ணம் வேண்டும். ஆகவே சாயப் பட்டறைகள் பெருகின. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே ஊரைச் சுற்றி ஒரே ஆற்றை நம்பி நின்றன. சோழமண்டலத்தில் ஆறு தாங்கியதற்கும் இங்கே தாங்காமற் போனதற்கும் இது ஒரு காரணம். இன்னொரு காரணம் உப்பு.

இதைச் சற்று விளக்கவேண்டும். இன்றைய சாயம் தண்ணீரில் கரைந்திருக்கும்போது பருத்தி நூலும் சாயமும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. உப்பை நிறையக் கொட்டினால்தான் சாயம் நூலைச் சேரும். சாயம் துணியில் தங்கிவிடும். உப்போ துணியில் தங்காது. முழுவதும் கழிவு நீரோடு வெளியே போகும். கழிவு நீரைச் சுண்ணாம்பு முதலியவற்றால் தெளியவைத்தால் நிறம் போகும், உப்புப் போகாது. ஆகவே சிவப்பும் பச்சையுமாக ஓடும் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது எளிது. நிறம் நீங்கித் தெளிவாக ஓடும் உப்புத் தண்ணீரைக் கண்டு அஞ்சுவது எளிதன்று. கண்ணுக்குத் தெரியாத கேடு என்பது இதுதான்.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் என்னும் இடத்தில் நொய்யலின் குறுக்கே ஓர் அணை கட்டி 1992இல் திறந்தார்கள். பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்கு நீர் தரும் நோக்கத்தோடு கட்டிய அணை அது. தூரத்தில் நின்று பார்த்தால் நல்ல ஏரிதான். வானமும் மேகமும் அதில் தெரியும். ஆனால் அதில் தேங்கியது சாயப் பட்டறைகளின் கழிவு. பாசனத்துக்காகக் கட்டிய அணையிலிருந்து தண்ணீர் விடவேண்டாம் என்று உழவர்களே கேட்கும் நிலை வந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தென்னைகள் வாடின. மாடு குடிக்கவும் தண்ணீர் உதவவில்லை.

உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். நொய்யல் ஆறு ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் என்ற பெயரில் கூடி வழக்காடினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2006ஆம் ஆண்டு திசம்பரில், ஆற்றைக் கெடுத்தவர்களே அதைத் தூய்மை செய்யும் செலவையும் ஏற்கவேண்டும் என்னும் கொள்கைப்படி தீர்ப்பளித்தது. சாயப் பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றம் சென்றார்கள்; 2009 அக்டோபரில் அதுவும் உழவர் பக்கம் நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 சனவரி 28ஆம் நாள் சாயப் பட்டறைகள் அனைத்தையும் மூடும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அன்று வேலை இழந்தவர்கள் யார்? அவர்களும் நம்மைப்போன்ற தொழிலாளர்களே. பின்னர், கழிவு நீர் ஒரு சொட்டும் வெளியே விடாமல், உப்பைத் தனியே பிரித்தெடுத்துத் தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தும் முறையை அமைத்த பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. அதற்குச் செலவு மிகுதி. ஆயினும் அது முடியும் என்பது மெய்ப்பட்டது. முதலிலேயே அதைச் செய்திருந்தால் உழவனும் அழிந்திருக்கமாட்டான். தொழிலாளியும் தெருவில் நின்றிருக்கமாட்டான்.

இந்தக் கதையை நாம் இரு பக்கமும் பார்த்துக் கேட்கவேண்டும். ஆலை வேண்டாம் என்று சொல்வது எளிது, ஆலையில்தான் அடுப்பெரிகிறது. ஆறு வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தண்ணீர் இல்லாமல் அடுப்பெரித்து என்ன பயன்?

இப்போது நம் நாட்டுத் துணிக்கு வருவோம். பாத்தேக் என்பது மெழுகு எழுத்துத் துணி. சோழமண்டலத்தில் நீலம் படாமல் மெழுகு பூசிய அதே முறைதான் இங்கே வேறு விதமாக வளர்ந்திருக்கிறது. கிளந்தானும் திரங்கானுவும் அதற்குப் பேர்போன மாநிலங்கள். நம் நாட்டுப் பாத்தேக்கில் விலங்கும் மனிதரும் அரிது. பூவும் கொடியும் இலையுமே மிகுதி. 1950களில் பினாங்கில் சுவா தியன் தெங் என்னும் சீன ஓவியர், பாத்தேக் முறையைக் கொண்டே சட்டமிட்டு மாட்டும் ஓவியங்களைத் தீட்டினார். கம்பத்து வாழ்க்கையும் தாயும் சேயும் அவர் படங்களில் வரும். 2008இல் மறைந்த அவரைப் பாத்தேக் ஓவியத்தின் தந்தை என்று போற்றுகிறார்கள்.

பாத்தேக் பட்டறைகளில் பெரும்பாலானவை வீட்டோடு ஒட்டிய சிறு பட்டறைகள். சாயம் தீட்டிய துணியைச் சிலிக்கேட் கரைசலில் ஊறவைப்பார்கள், பின்னர் கொதிநீரில் போட்டு மெழுகை உருக்கி எடுப்பார்கள், பலமுறை அலசுவார்கள். ஒட்டாமல் போன சாயமும் மெழுகும் சிலிக்கேட்டும் அலசிய தண்ணீரில் சேர்கின்றன. வீட்டுப் பின்புறத்து அல்லூறு வழியாக அது ஆற்றுக்குப் போகிறது. துணியில் பூத்திருக்கும் செம்பருத்தி அழகுதான். அல்லூற்றில் ஓடும் செந்நீரும் அதே செம்பருத்தியின் நிறம்தான். சிறு பட்டறைக்காரரைப் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே பெரிய வடிகட்டும் வசதி அமைக்க இயலாது. பலர் கூடிப் பொதுவாக அமைக்கவும் அரசாங்கம் துணை நிற்கவும் வேண்டிய வேலை அது.

இனி நம் சொந்த வாசலுக்கு வருவோம். நெகிரி செம்பிலானின் தோட்டங்களைப் படம் எடுப்பவர்கள் எதைப் படம் எடுக்கிறார்கள்? வரிசை வரிசையாகப் பால்மரம், மேட்டிலிருந்து பார்த்தால் கடல்போல விரிந்த செம்பனை, காலைப் பனி, நடுவே வளைந்து ஓடும் ஆறு. பார்க்க அழகுதான். அந்தப் பச்சையின் உள்ளே என்ன ஓடியது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

பால் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். பால் கெடாமல் இருக்க அமோனியா. உறைய வைக்க ஆசிட். உறைந்த பின் மிஞ்சும் நீரில் புரதமும் சர்க்கரையும் இருக்கும். அது வாய்க்காலில் விழுந்தால் கிருமிகளுக்கு விருந்து. கிருமிகள் அதைத் தின்று பெருகும்போது தண்ணீரில் உள்ள உயிர்க்காற்றை எல்லாம் இழுத்துக்கொள்ளும். மீன் மூச்சு முட்டிச் சாகும். மீனைக் கொல்ல நஞ்சு வேண்டியதில்லை. காற்றைப் பிடுங்கினால் போதும். செம்பனை ஆலைக் கழிவு இதைவிடக் கடுமையானது. ஒரு டன் எண்ணெய் எடுத்தால் ஏறத்தாழ இரண்டரை டன்னுக்குக் குறையாமல் பழுப்பு நிறக் கழிவு நீர் மிஞ்சும்.

1970களில் இதனால் நாட்டின் பல ஆறுகள் கெட்டன. அரசாங்கம் 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை இயற்றியது. 1977இல் செம்பனை எண்ணெய் ஆலைகளுக்கும் 1978இல் ரப்பர் ஆலைகளுக்கும் தனித்தனியே விதிகள் வந்தன. கழிவு எவ்வளவு உயிர்க்காற்றை இழுக்கிறது என்பதை அளப்பதற்கு ஓர் அளவை உண்டு. செம்பனை ஆலையிலிருந்து வெளியேறும் பச்சைக் கழிவில் அது ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம் இருக்கும். அதை 1978இல் 5,000க்குள் கொண்டுவரவேண்டும் என்றார்கள். ஆண்டுதோறும் குறைத்து, 1984இல் 100க்குள் கொண்டுவந்தார்கள். ஆலைக்குப் பக்கத்தில் அடுத்தடுத்து வெட்டியிருக்கும் கரிய குளங்கள் அதற்காகத்தான். குளத்தில் நிறுத்தி, கிருமிகளைக் கொண்டே கழிவைத் தின்னவைத்து, பிறகு ஆற்றில் விடுகிறார்கள். இது சட்டத்தின் வெற்றி. ஆனால் குளம் தூர்ந்தாலும், கனத்த மழையில் கரை உடைந்தாலும், கண்காணிப்புத் தளர்ந்தாலும் பழைய கதைதான்.

நான் முதலில் சொன்ன லிங்கி ஆறு சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களுக்குக் குடிநீர் தருகிறது. ரெம்பாவ் ஆறும் வேறு பல சிற்றாறுகளும் அதில்தான் கலக்கின்றன. தோட்டம், நகரம், தொழிற்பேட்டை எல்லாவற்றின் வாய்க்காலும் ஏதோ ஒரு சிற்றாற்றைத் தேடித்தான் போகிறது. ஆகவே நம் வீட்டுப் பின்புறத்து அல்லூறு, நம் குழாய்க்குத் திரும்பி வரும் வழி அவ்வளவு நீண்டதன்று.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் நம் பெண்களின் வேலையாக இருந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து, புல்லுக்கு அடித்த பாரகுவாட் மருந்து அவர்கள் கையிலும் காலிலும் வழிந்தது. நகம் கழன்றது; மூக்கில் இரத்தம் வந்தது; கண் எரிந்தது. தோட்டப் பெண்களிடம் கேட்டறிந்து தெனகானித்தா அமைப்பு 2002ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டில் அரசாங்கம் அம்மருந்துக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. இறுதியாக 2020 சனவரி முதல் நாளிலிருந்து முழுத் தடை நடப்புக்கு வந்தது. மருந்து காலியான தோம்பைக் கழுவித் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளும் உண்டு. களை இல்லாமல் துப்புரவாக இருக்கும் தோட்டத்தைப் பார்த்து, ‘எவ்வளவு அழகு’ என்று சாலையில் போகிறவர் சொல்வார். அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது சாலையிலிருந்து தெரியாது.

ஆக, அழகிய காட்சி உண்மையை மறைக்கக்கூடும். அழகிய துணியும் மறைக்கக்கூடும். அப்படியானால் துணி உண்மையைச் சொல்லவே சொல்லாதா? சொல்லும். அதற்கும் வரலாற்றில் சான்று இருக்கிறது.

தென் அமெரிக்காவில் சிலி என்றொரு நாடு. அங்கே 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பல குடும்பங்களில் ஆண்களைப் பிடித்துப் போனார்கள், அவர்கள் திரும்பவில்லை. பேசினால் ஆபத்து. அந்நாட்டுப் பெண்கள் சாக்குத் துணியில் பழைய துணித் துண்டுகளை ஒட்டித் தைத்துப் படம் செய்தார்கள். பின்னால் பனி மலையும் மேலே சூரியனும் இருக்கும். பார்ப்பவருக்குக் குழந்தைகள் தைத்த இயற்கைக் காட்சிபோலத் தோன்றும். உற்றுப் பார்த்தால் மலைக்குக் கீழே வீட்டு வாசலில் காத்திருக்கும் பெண்கள், தண்ணீர் இல்லாத குழாய், பூட்டிய ஆலை எல்லாம் தெரியும். அந்தத் துணிகள் நாட்டைவிட்டு வெளியே போய் உலகத்துக்குச் செய்தி சொல்லின.

இன்னொரு சான்று கடலைப் பற்றியது. ஆஸ்திரேலியாவின் குவீன்சுலாந்து மாநிலத்தில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்ட்தைம் என்னும் சகோதரிகள், 2005ஆம் ஆண்டில் குரோஷா ஊசியால் பவளப்பாறையைப் பின்னத் தொடங்கினார்கள். கடல் சூடேறிப் பவளங்கள் வெளுத்துச் சாவதை மக்களுக்கு உணர்த்துவதே நோக்கம். கம்பளி நூலால் வண்ணப் பவளம். அதன் பக்கத்திலேயே பிளாஸ்டிக் பைகளையும் பழைய ஒளிநாடாக்களையும் கிழித்துப் பின்னிய நச்சுப் பவளம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் கடலடியில் நடப்பது புரிகிறது. பல நாடுகளில் ஆயிரக்கணக்கான பெண்கள் அவர்களோடு சேர்ந்து பின்னினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஓவியர்கள் அல்லர்; வீட்டில் மேசைத் துணி பின்னும் பெண்களே.

தாய்மார்களே, அந்தக் கைவேலை உங்களுக்கும் தெரியும். தலையணை உறையிலும் மேசை விரிப்பிலும் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் போடும் துணியிலும் நீங்கள் போட்ட பூவேலை எத்தனை! பள்ளியில் தையல் பாடத்தில் பிள்ளைகளுக்கு ஆற்றங்கரைக் காட்சி ஒன்றைத் தைக்கச் சொன்னால், எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தைக்கிறார்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், நீல நிற ஆறு, கரையில் ஒரு தென்னை. நம் ஆறு நீலமாக இருந்ததை அந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. நீல நூல் என்பது நாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பொய் என்று கடிந்துரைக்க வேண்டியதில்லை. அது ஓர் ஆசை. ஆனால் அந்த ஆசையோடு உண்மையையும் சேர்த்துத் தைக்கலாமே! ஆலை வாய்க்கால் வந்து சேரும் இடத்தில் பழுப்பு நூல். மீன் இருந்த இடத்தில் மீன். மீன் போய்விட்ட இடத்தில் வெற்றுத் துணி. பாட்டியிடம் கேட்டு, அவர்கள் குளித்த துறை எது, குடித்த கிணறு எது என்று குறித்துத் தைக்கலாம். கீழே ஆண்டையும் தோட்டத்தின் பெயரையும் போட்டுவைக்கலாம்.

இது எதற்கு என்று கேட்பீர்கள். காரணம் உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாகின்றன. லயங்கள் இடிகின்றன. தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் வெவ்வேறு பட்டணங்களுக்குச் சிதறுகிறார்கள். அந்த ஆறு எப்படி இருந்தது, எப்போது கெட்டது, யார் அதில் இறங்கி வேலை செய்தார்கள் என்பதற்கு நம்மிடம் எழுதிவைத்த ஏடு குறைவு. தோட்டத்துக் கணக்கேட்டில் எத்தனை இராத்தல் பால் வந்தது என்று இருக்கும். மீன் எப்போது செத்தது என்று இராது. அதை நாம்தான் குறித்துவைக்கவேண்டும். எழுத வராத கையும் தைக்கும். தைத்த துணி ஒரு தலைமுறைக்கு மேல் தாங்கும்.

அதோடு நின்றுவிடவும் கூடாது. ஆற்று நீர் நிறம் மாறினாலோ, நாற்றம் எழுந்தாலோ, மீன் மிதந்தாலோ, நாளையும் இடத்தையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறைக்கு அறிவியுங்கள். நொய்யல் உழவர்கள் வென்றது சத்தம் போட்டதால் மட்டுமன்று. ஆண்டு வாரியாகச் சான்று வைத்திருந்ததாலும், ஒன்றுகூடி நின்றதாலும் வென்றார்கள். மருந்துத் தோம்புகளை வீட்டு உபயோகத்துக்குக் கொண்டுவராதீர்கள். பிள்ளைகளுக்கு ஆற்றின் பெயரைச் சொல்லிக்கொடுங்கள்; பெயர் தெரியாத ஆற்றைப் பற்றி யாரும் கவலைப்படமாட்டார்கள்.

பழவேற்காட்டுச் சாயக்காரர் துணியைத் தொட்டியிலிருந்து எடுத்ததும் ஆற்றுக்குத்தான் கொண்டு போனார். துணி நிறம் பெற்றதும் அவர் வேலை முடிந்தது. ஆற்றின் வேலை அப்போதுதான் தொடங்கிற்று. நாம் உடுத்தும் ஒவ்வொரு துணிக்குப் பின்னாலும், நாம் பார்த்து மகிழும் ஒவ்வொரு பச்சைக் காட்சிக்குக் கீழேயும் அப்படி ஓர் ஆறு வேலை செய்துகொண்டிருக்கிறது. அதையும் பார்க்கப் பழகுவோம்.